பெட்டை நாய்க்குச் சத்திரசிகிச்சை: அடுத்த பத்து நாட்கள் எமது பொறுப்பு

எமது கிராமங்களில் நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. இரவில் வேலிக்கரையில் காலடி கேட்டால் முதலில் குரைப்பதும், தோட்டத்துக்குள் வரும் குரங்கையும் பன்றியையும் துரத்துவதும், கோழிக்கூட்டைக் காவல் காப்பதும் நாயே. ஆயினும் அது பெட்டையாகப் பிறந்துவிட்டால் அதற்குரிய மதிப்பு குறைந்துவிடுகிறது. "குட்டி போட்டுத் தொல்லை தரும்" என்ற ஒரே காரணத்துக்காகக் கண் திறவாத பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் போட்டுவிட்டுப் போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தப்பிப் பிழைப்பவை தெருநாய்களாகின்றன. அவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றுவாரும் இல்லை, சோறு வைப்பாரும் இல்லை.

இதற்கு இன்று ஒரு வழி உண்டு. பெட்டை நாய்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும் முகாம்கள் பல பிரதேசங்களில் நடைபெறுகின்றன. அரச மிருக வைத்தியர்களும், பொதுச் சுகாதாரப் பகுதியினரும், சில தொண்டு நிறுவனங்களும் இதனைச் செய்கின்றனர். வைத்தியர் தமது வேலையை அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார். அதற்குப் பின்வரும் பத்து நாட்களும் நாய் எமது முற்றத்தில்தான் இருக்கப் போகிறது. அந்தப் பத்து நாட்களில் நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் இது கிராமத்தின் அலுவல்?

இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயினால் 377 பேர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஆண்டொன்றுக்கு ஐம்பதுக்கும் குறைந்துள்ளது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் ஒருவரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால், இறக்கும் ஒவ்வொருவரும் தடுத்திருக்கக்கூடிய மரணத்துக்கே பலியாகின்றனர்.

2006 ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை அரச மட்டத்தில் ஏற்கப்பட்டது. அதன் பின்னர் தடுப்பூசியும் கருத்தடையும் இணைந்தே முன்னெடுக்கப்பட்டு வருகின்றன. இவை இரண்டுக்கும் உள்ள தொடர்பை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விசர்நோயைத் தடுப்பது தடுப்பூசியே. கருத்தடை அதனைத் தடுப்பதில்லை. ஒரு பிரதேசத்தில் உள்ள நாய்களில் குறைந்தது 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டிருந்தால் நோய் பரவுவது தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவாகும். ஒரு பெட்டை நாய் சாதாரணமாக ஆண்டில் இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஏறத்தாழ 63 நாட்கள் சுமந்து, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். இவ்வாறு ஊசி போடாத குட்டிகள் வந்துகொண்டேயிருந்தால் இந்த ஆண்டு எட்டிய 70 வீதம் அடுத்த ஆண்டில் கரைந்துவிடும். ஆகவே குட்டிகள் குறைந்தால்தான் தடுப்பூசியின் பயன் நிலைக்கும்.

இங்கேதான் சத்திரசிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பு முக்கியம் பெறுகிறது. நாம் பணியாற்றிய ஒரு கிராமத்தில் முகாம் சிறப்பாக நடந்தேறியது. ஒரு வார காலத்தின் பின் ஒரு வீட்டு நாயின் புண்ணில் புழு வைத்து அது இறந்துபோயிற்று. தனியே வாழும் ஒரு தாயாரின் நாய் அது. அவருக்கு இரவுக் காவல் அந்த நாய்தான். புண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எவரும் விளங்கப்படுத்தியிருக்கவில்லை. "வெட்டினால் செத்துப்போகும்" என்ற கதை ஒழுங்கை ஒழுங்கையாகப் பரவியது. அடுத்த முகாமுக்கு அக்கிராமத்திலிருந்து வந்த நாய்கள் மிகச் சில. தடுப்பூசிக்குக்கூடப் பலர் கொண்டு வரவில்லை. ஒரு நாயின் புண்ணைக் கவனியாது விட்டதனால் ஒரு கிராமமே பாதுகாப்பை இழக்க நேர்ந்தது.

செய்யப்படுவது என்ன?

கருத்தடை என்றதும் சிலர் ஓர் ஊசி என்று எண்ணிக்கொள்கின்றனர். குட்டி போடாதிருக்க ஹோர்மோன் ஊசி ஏற்றும் வழக்கமும் இருந்தது. அதன் பயன் தற்காலிகமானது. திரும்பத் திரும்ப ஏற்றினால் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சத்திரசிகிச்சை இதனின்றும் வேறானது. நாயை முற்றாக மயக்கி, அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ சிறிது வெட்டி, சூலகங்களையும் கருப்பையையும் அகற்றி, இரத்தக் குழாய்களைக் கட்டி, தசையையும் தோலையும் வெவ்வேறாகத் தைத்துவிடுகிறார்கள். இதன் பின் நாய் பருவத்துக்கு வராது, குட்டியும் ஈனாது.

வெளியே தெரியும் வெட்டு இரண்டு மூன்று விரலளவே இருக்கும். இதனால் இது சிறிய காரியம் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. எமது வீட்டுப் பெண்ணொருவருக்கு வயிற்றில் இத்தகைய சத்திரசிகிச்சை நடந்தால், மறுநாளே கிணற்றில் தண்ணீர் அள்ள விடுவோமா? நாயின் வயிற்றுத் தசையும் எமது தசையைப் போலவே மெல்ல மெல்லத்தான் பொருந்துகிறது. மூன்று நான்கு நாட்களில் தோல் ஒட்டிவிட்டது போலத் தோன்றும். நாயும் நோவை மறந்து ஓடத் தொடங்கும். உள்ளே உள்ள தசையோ அப்போது இன்னும் உறுதி பெற்றிராது. பல விபத்துக்கள் முதல்நாளில் நடப்பதில்லை. "இனிச் சுகம்தானே" என்று சங்கிலியைக் கழற்றிவிடும் நாலாம் ஐந்தாம் நாட்களிலேயே நடக்கின்றன.

முகாமுக்குக் கொண்டுபோகுமுன்

வளர்ந்த நாய்க்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டின் பின் உணவு கொடுக்கக்கூடாது. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலெழுந்து சுவாசக் குழாய்க்குள் போய்விடலாம். சிறு குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடத்தல் ஆகாது. அவற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். முதல்நாளே நாயைக் கட்டி வைத்தால், அயலில் எச்சில் இலை தேடித் தின்னாமல் இருக்கும். நாய் அண்மையில் பருவத்துக்கு வந்ததா, குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறதா, சத்தி எடுத்ததா, உண்ணி கடித்துச் சோர்ந்திருந்ததா என்பவற்றை மறைக்காமல் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழி

நாய் எழுந்து நிற்கக்கூடிய நிலைக்கு வந்த பின் அதனை எடுத்துச் செல்வதே நல்லது. முற்றாக மயங்கிக் கிடக்கும் நாயைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகக்கூடாது. உரப்பைக்குள் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டுக் கொண்டுபோகும் வழக்கமும் இந்நேரத்தில் ஆபத்தானது. கழுத்து மடிந்து மூச்சு அடைபடலாம். ஓட்டோவில் மடிமீதோ பலகை ஒன்றின் மீதோ பக்கவாட்டில் கிடத்தி, கழுத்தை நேராக நீட்டி விட வேண்டும். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சின் கீழும், மற்றதைப் பின்தொடைகளின் கீழும் கொடுத்துத் தூக்க வேண்டும். வயிற்றின் கீழ் கை கொடுத்தலும், முன்கால்களைப் பிடித்துத் தூக்குதலும் தையலை இழுக்கும்.

நோவிலும் அரை மயக்கத்திலும் உள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். அதன் வாயருகில் முகத்தைக் கொண்டுபோகாமலும், பிள்ளைகளை அருகில் விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடித்துவிட்டால் "எங்கள் நாய்தானே" என்று இருந்துவிடாமல், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

முதலாம் இரவு

மயக்க மருந்தினால் நாயின் உடற்சூடு குறைகிறது. ஆகவே பகலாயினும் அது நடுங்கக்கூடும். சீமெந்து நிலத்தில் கிடத்தாமல், பாயின் மேல் சாக்கும் அதன் மேல் துவைத்துக் காய்ந்த துணியும் விரித்துக் கிடத்துவோம். காற்றடிக்காத விறாந்தை மூலை அல்லது குசினியின் ஒரு பக்கம் பொருத்தமானது. குளிர்ந்தால் ஒரு பழைய சாறத்தால் போர்த்துவிடலாம். வெந்நீர்ப் போத்தல் வைப்பதானால் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் நாய் சுட்டாலும் விலகிப் படுக்கமாட்டாது. அதே காரணத்தால் வெயிலிலும் அடுப்பருகிலும் கிடத்தக்கூடாது.

எமது சூழலில் வேறு சில ஆபத்துகளும் உண்டு. அசையாது கிடக்கும் நாயை எறும்பு மொய்த்துவிடும். ஆகவே கிடத்துமுன் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தள்ளாடி எழும் நாய் கட்டில்லாக் கிணற்றிலோ துரவிலோ விழுந்துவிடலாம். அயல் நாய்கள் வந்து கடிக்கலாம். ஆதலால் முதலிரவில் நாயைக் கதவு சாத்திய இடத்தில் வைத்திருப்பதே சிறந்தது. முற்றாக விழிக்கும்வரை கழுத்தில் கயிறு போட்டுக் கட்டக்கூடாது. தள்ளாடும்போது அது சுருக்காகிவிடும்.

சில மயக்க மருந்துகள் ஏற்றப்பட்ட நாய் கண்ணைத் திறந்தபடியே கிடக்கும். அதைக் கண்டு விழித்துவிட்டது என்று எண்ணி வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். தானாகவே தலையைத் தூக்கி, தடுமாறாமல் நிற்கத் தொடங்கிய பின் சிறிது தண்ணீர் வைக்கலாம். அது தங்கினால், சில மணி நேரத்தின் பின் வழக்கமான உணவில் காற்பங்கு அல்லது அரைப்பங்கு கொடுக்கலாம். முதல்நாளில் ஒருமுறை சத்தி எடுப்பது பாரதூரமானதன்று.

உறங்கப் போகுமுன் ஒரு பரிசோதனையை நாம் அவசியம் செய்ய வேண்டும். நாயின் மேலுதட்டை உயர்த்தி முரசைப் பார்க்க வேண்டும். அது இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். முரசை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறும். இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். முரசு வெள்ளைத்துணி போல வெளிறியிருந்து, நாயும் எழ முடியாது சோர்ந்து கிடந்தால், வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும். விடியும்வரை காத்திராது வைத்தியரை நாட வேண்டும். முரசு இயல்பாகவே கருநிறமாக உள்ள நாய்களில் கீழ்க்கண்ணிமையின் உட்பக்கத்தைப் பார்க்கலாம்.

உணவு

இரண்டாம் நாளிலிருந்து நாய் சாப்பிடத் தொடங்கும். குழையக் காய்ச்சிய சோற்றுடன் முள் நீக்கிய அவித்த மீனும் அதன் தண்ணீரும் சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொடுப்பது போதுமானது. மிளகாய்த்தூள் போட்ட கறியும் வெங்காயமும் சேர்க்கக்கூடாது. வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கேடு விளைவிப்பது. எலும்பையும் இந்நாட்களில் தவிர்ப்போம். மலம் இறுகினால் நாய் முக்கும். முக்கினால் தையலில் இழுவை ஏற்படும். பட்டினி கிடந்ததனால் இரண்டு மூன்று நாட்களுக்கு மலம் கழியாமல் இருப்பது சாதாரணம். ஆனால் ஒரு நாள் முழுவதும் சலம் போகாவிட்டால் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

புண்ணைக் கவனித்தல்

காலையிலும் மாலையிலும் நல்ல வெளிச்சத்தில் புண்ணைப் பார்க்க வேண்டும். வெட்டின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் சிறு சிவப்பும் சிறு வீக்கமும் இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் அவை குறைந்து வர வேண்டும். தையலின் கீழ் மெத்தென்ற ஒரு கட்டி தோன்றினால், பெரும்பாலும் அது நாய் கூடுதலாக ஓடியதால் தேங்கிய நீராக இருக்கும். ஆனாலும் தசை பிரிந்து குடல் இறங்கியிருந்தாலும் இவ்வாறே தோன்றக்கூடும். ஆகையால் அழுத்திப் பார்க்காமல் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

நன்றாக உள்ள புண்ணுக்கு நாம் பூச வேண்டியது எதுவுமில்லை. மஞ்சள், சாம்பல், கோப்பித்தூள், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், டெற்றோல் ஆகிய எல்லாமே எமது வீடுகளில் கைமருந்தாகப் பயன்படுத்தப்படுகின்றன. தூளும் எண்ணெயும் அழுக்கைப் பிடித்து வைக்கின்றன. கடுமையான திரவங்கள் புதிதாக வளரும் தோலை எரித்துவிடுகின்றன. பூசியது எதுவாயினும் நாய் அதை நக்கத் தொடங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் மட்டும், அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பின் துப்புரவான துணியை நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்து, உலரவிடலாம். புண் ஆறும்வரை நாயைக் குளிப்பாட்டக்கூடாது. குளத்திலும் கடலிலும் இறங்கவும் விடக்கூடாது. மழைக்காலமானால் நனைந்த சாக்கை அன்றன்றே மாற்ற வேண்டும்.

நக்குதலைத் தடுத்தல்

"நாய் நக்கினால் புண் ஆறும்" என்று எம்மவர் சொல்வதுண்டு. தைத்த புண்ணுக்கு இது பொருந்தாது. நாயின் வாயில் கிருமிகள் நிறைய உண்டு. நக்கத் தொடங்கும் நாய் சிறிது நேரத்தில் தையலைப் பல்லால் கடித்து இழுத்துவிடும். ஓர் இரவில் முழுத் தையலும் பிரிந்துவிடக்கூடும்.

நகரங்களில் இதற்கெனக் கழுத்தில் மாட்டும் கூம்பு விற்கிறார்கள். நாம் அதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நாயின் தலை நுழையக்கூடிய ஒரு பழைய பிளாஸ்ரிக் வாளியை எடுத்துக் கழுவி, அடிப்பாகத்தைக் கழுத்தளவுக்கு வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பைத் துணியால் சுற்றித் தைக்க வேண்டும். அவ்விளிம்பின் ஓரமாக நான்கு துளையிட்டுத் துணிப்பட்டி கோத்து, கழுத்துப் பட்டியுடன் கட்ட வேண்டும். வாளியின் வாய் நாயின் மூக்கைத் தாண்டி ஓரிரு விரல் நீண்டிருந்தால்தான் பயன் உண்டு. கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுகினால் மூச்சு முட்டும். பெயின்ற், பூச்சிநாசினி இருந்த வாளிகளை இதற்கு எடுக்கவே கூடாது. சாப்பிடும் வேளையில் கழற்றிவிட்டு, நாம் அருகில் இருந்து பார்த்து, மீண்டும் மாட்டிவிடுவோம்.

மற்றொரு வழி, பிள்ளைகளின் பழைய ரீசேட் ஒன்றை அணிவிப்பது. கழுத்து வழியே தலையையும், கைகள் வழியே முன்கால்களையும் விட்டு, கீழ்ப்பகுதியை முதுகின் மேல் கொண்டுவந்து முடிந்துவிட வேண்டும். சலம் பட்டு நனையாதவாறு முடிச்சு இருத்தல் வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். விலாப்பக்கத்தில் வெட்டிய நாய்க்கு இது நன்றாகப் பயன்படும்.

இலையானும் புழுவும்

எமது வெப்பமான நாட்டில் புண்ணுக்குப் பெரிய எதிரி இலையானே. ஈரமும் நாற்றமும் உள்ள புண்ணில் அது முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழுக்கள் வெளிவரத் தொடங்கிவிடும். அவை தோலின் கீழே குடைந்து செல்வதால், வெளியே ஒரு சிறு துளை மாத்திரமே தெரியும். ஆகவே நாய் படுக்கும் இடத்தை நாள்தோறும் கூட்டித் துப்புரவு செய்தல், மீன் கழிவையும் சாணியையும் அருகில் போடாதிருத்தல், பகலில் நுளம்பு வலைத் துண்டொன்றால் படுக்கையை மறைத்தல் ஆகியன அவசியம். முகாமில் காதின் நுனியில் அடையாள வெட்டு இடப்பட்டிருந்தால் அக்காதையும் பார்க்க வேண்டும். புழுவைக் கண்டால் மண்ணெண்ணெயோ பினைலோ ஊற்றாமல், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். காலத்தோடு கொண்டுபோனால் பெரும்பாலான நாய்களைக் காப்பாற்றலாம்.

மனிதருக்குரிய மருந்து வேண்டாம்

நாய் முனகுவதைக் கண்டு இரக்கத்தினால் பனடோல் கரைத்துக் கொடுப்போர் உண்டு. இபுபுறூபன், டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் கொடுக்கிறார்கள். இவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடியன. பனடோல் கூடினால் ஈரல் கெட்டுவிடும். வைத்தியர் வலிக்கு ஊசி ஏற்றியிருப்பின், அத்துடன் மாத்திரையும் சேர்வது மேலும் ஆபத்து. வைத்தியர் தந்த மருந்தை அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 பாகை பரனைற்று வரையாகும். இது எமது உடல்வெப்பத்திலும் கூடியது. ஆகவே தொட்டால் சுடுகிறது என்பதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யக்கூடாது. சாப்பாட்டை மறுத்தலும் ஒதுங்கிப் படுத்தலும் சேர்ந்து காணப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கட்டிவைத்தலும் கடுவன் நாய்களும்

பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை ஓட்டமும் பாய்ச்சலும் கூடாது. நாயைச் சற்று நீளமான சங்கிலியில் நிழலில் கட்டி, மலசலத்துக்கு மட்டும் கயிற்றில் பிடித்து மெல்ல நடத்திச் செல்வோம். வேலி பாயவும் திண்ணையிலிருந்து குதிக்கவும் இடமளிக்கக்கூடாது. கட்டியறியாத நாய் முதலில் முரண்டு பிடிக்கும். வீட்டார் நடமாடும் இடத்தில் கட்டினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

பருவத்தில் இருந்தபோது சத்திரசிகிச்சை செய்யப்பட்ட நாயை நாடிக் கடுவன் நாய்கள் இன்னும் சில நாட்களுக்கு வரும். இதனைக் கண்டு "ஒப்பரேசன் சரிவரவில்லை" என்று சிலர் சொல்கின்றனர். அது தவறு, உடலில் மிஞ்சியிருக்கும் வாடையே காரணம். குட்டி தங்காது. ஆயினும் இணைசேர்ந்தால் உள்ளே கட்டிய இடம் கிழிந்து இரத்தம் பெருகலாம் என்பதால், இரு வாரங்களாவது அவற்றை அண்டவிடக்கூடாது.

பால் கொடுக்கும் தாய் நாயாக இருந்தால் பால் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தாய் நன்கு விழித்த பின் குட்டிகளை அருகில் விடலாம். குட்டிகளின் நகம் புண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம். குட்டி இல்லாத நாய்க்கும் சிலவேளை முலை கனத்துப் பால் சுரக்கும். குட்டி ஈனப் போவது போல மூலையைப் பிராண்டி இடம் தேடும். இரண்டு மூன்று வாரங்களில் இது தானாக மாறிவிடும். பாலைப் பிழிந்து எடுக்கக்கூடாது. பிழியப் பிழியச் சுரக்கும்.

உடனே வைத்தியரை நாட வேண்டிய அறிகுறிகள்

1. முரசு வெளிறுதல், மயங்கி விழுதல்.
2. புண்ணிலிருந்து இரத்தம் நிற்காமல் சொட்டுதல்.
3. தையல் பிரிந்து உள்ளே தெரிதல். குடல் வெளிவந்தால் அதனை உள்ளே தள்ள முயலாது, கொதித்தாறிய உப்பு நீரில் நனைத்த துப்புரவான துணியால் மூடி, நக்கவிடாமல் கொண்டு செல்ல வேண்டும்.
4. சீழ், நாற்றம், புழு.
5. திரும்பத் திரும்பச் சத்தி, வயிறு ஊதுதல்.
6. சத்திரசிகிச்சைக்கு மறுநாளும் உணவு, நீர் இரண்டையும் மறுத்தல்.
7. மூச்சுத் திணறல்.

தையல் வெட்டுதல்

வெளியே நூல் தெரிந்தால் பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் அதனை வெட்ட வேண்டும். முகாம்களில் பெரும்பாலும் தானே கரையும் நூலால் தோலின் கீழே தைக்கிறார்கள். அதனை வெட்ட வேண்டியதில்லை. எந்த வகை என்பதை வீட்டுக்கு வருமுன்னரே கேட்டு ஓர் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தடுப்பூசி ஏற்றிய திகதியையும் அதே அட்டையில் எழுதுவித்தால், அடுத்த ஆண்டு ஊசி போடும் நாள் மறந்துபோகாது.

சில ஐயங்கள்

"ஒருமுறையாவது குட்டி ஈனவிட்டுத்தான் செய்ய வேண்டும்" என்பது சரியன்று. முதல் பருவத்துக்கு முன்னரே செய்யப்பட்ட நாய்களுக்கு முலையில் கட்டி ஏற்படுவது மிக அரிது. கருப்பையை அகற்றுவதால் அதில் சீழ் பிடிக்கும் நோய்க்கு இடமில்லை. இணைசேர்வதால் தொற்றும் கட்டிகளும் தெருச் சண்டைக் காயங்களும் குறைகின்றன.

"காவல் காக்காது சோம்பிப்போகும்" என்பதும் அனுபவத்துக்கு ஒவ்வாதது. காவல் காப்பது அதன் பிறவிக் குணம். உடலுக்குத் தேவையான உணவின் அளவு சற்றுக் குறைவதால், முன்பு போலவே நிறையச் சோறு வைத்தால் கொழுத்துவிடும். அளவோடு கொடுத்தால் போதும்.

"குட்டி ஈனும் உரிமையைப் பறிப்பது பாவமல்லவா?" என்று எம்மிடம் கேட்போரும் உண்டு. ஈன்ற குட்டிகளை உரப்பையில் கட்டித் தெருவில் விடுவதையும், பிறவாமல் தடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தானாகவே விளங்கும்.

கிராமம் செய்யக்கூடியது

எல்லா வீட்டாராலும் எல்லாவற்றையும் செய்ய முடியாது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பகலில் நாயைப் பார்க்க ஆளில்லை. சந்தியில் படுக்கும் நாய்க்கோ வீடே இல்லை. இங்கேதான் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கைகொடுக்க வேண்டும். முகாமுக்கு முன்னர் வீடு வீடாக நாய்களைப் பதிவு செய்யலாம். வாளிக் கூம்புகள் பத்தைச் செய்து சங்கத்தில் வைத்திருந்து, முறை முறையாகக் கொடுத்து வாங்கலாம். பாடசாலைப் பிள்ளைகள் இதனை விரும்பிச் செய்வார்கள். சொந்தக்காரர் இல்லாத நாய்களை நன்கு விழிக்கும்வரையாவது ஒரு கொட்டிலில் பாதுகாத்து, பிடித்த இடத்திலேயே விட்டு, அவ்விடத்துக் கடைக்காரரிடம் கண்காணிக்கும்படி சொல்லலாம்.

எல்லாவற்றிலும் பயன் தரும் வேலை, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒருவர் வீடு வீடாகச் சென்று புண்ணைப் பார்ப்பதாகும். மேலே கூறிய கிராமத்தில் பின்னர் மாதர் சங்கத்தினர் இதனைப் பொறுப்பேற்றனர். வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதி ஒட்டினர். தையல் பிரியத் தொடங்கிய இரண்டு நாய்களை வேளையோடு கண்டு வைத்தியரிடம் அனுப்பினர். அம்முறை ஒரு நாயும் இறக்கவில்லை. அதற்கடுத்த முகாமில் நாய்களோடு நின்ற வரிசை நீண்டிருந்தது. நாயை இழந்த அந்தத் தாயாரும் புதிதாக வளர்க்கும் பெட்டைக் குட்டியோடு வந்திருந்தார்.

உங்கள் பிரதேசத்தில் அடுத்த முகாம் எப்போது என்பதை அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறிந்துகொள்ளுங்கள். திகதி தெரிந்ததும் முதல் வேலையாக, விறாந்தையில் ஒரு மூலையைக் கூட்டி, ஒரு சாக்கைத் துவைத்துக் காயப்போடுங்கள்.